கிளட்ச் வழுக்குகிறதா? நான்கு எண்கள் சொல்லும் பதில்

பேருந்தில் ஓட்டுநருக்குப் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து பயணம் செய்திருக்கிறீர்களா? அடுத்த முறை அவருடைய இடது காலைக் கவனியுங்கள். கியர் மாற்றும் ஒவ்வொரு முறையும் அந்தக் கால் ஒரு பெடலை அழுத்துகிறது. பிறகு மெல்ல மெல்ல விடுகிறது. அதுதான் கிளட்ச் பெடல். நகரப் பேருந்தானால் நிறுத்தத்துக்கு நிறுத்தம் இந்த வேலை ஓய்வின்றி நடக்கும்.

கியர் மாற்றி ஓட்டும் கார்களிலும் இதே கதைதான். ஒரு நாள் கார் மேட்டில் ஏறத் திணறுகிறது. பட்டறைக்குக் கொண்டுபோனால், "கிளட்ச் போய்விட்டது, மாற்ற வேண்டும்" என்று சொல்லிவிடுகிறார்கள். கியர் பெட்டியைக் கழற்றி இறக்கிச் செய்ய வேண்டிய பெரிய வேலை அது. செலவும் மிகுதி. உண்மையிலேயே கிளட்ச் தேய்ந்துவிட்டதா? அல்லது ஒரு கேபிளைச் சற்றுத் தளர்த்தினாலே போதுமா? பள்ளியில் நீங்கள் படிக்கும் உராய்வுப் பாடத்தைக் கொண்டே இதற்கு விடை தேடலாம். வாருங்கள்.

கிளட்ச் எதற்கு?

மின்மோட்டார் நின்ற நிலையிலிருந்தே முழு வலுவுடன் சுழலத் தொடங்கும். பெட்ரோல், டீசல் இயந்திரங்களால் அது முடியாது. அவை நிமிடத்திற்குச் சில நூறு சுற்றுகளாவது சுழன்றுகொண்டிருந்தால்தான் உயிரோடிருக்கும். காரோ அசையாமல் நிற்கிறது. சுழலும் இயந்திரத்தையும் நிற்கும் சக்கரத்தையும் திடீரென்று பிணைத்தால் என்ன ஆகும்? கார் ஒரு குலுக்குக் குலுக்கும், இயந்திரம் நின்றுவிடும்.

ஆகவே இரண்டையும் கொஞ்சம் கொஞ்சமாக இணைக்கவும், வேண்டும்போது பிரிக்கவும் ஓர் ஏற்பாடு தேவை. 1886ஆம் ஆண்டு கார்ல் பென்ஸ் காப்புரிமை பெற்ற மூன்று சக்கர வண்டியில் இதற்கு ஒரு தோல் பட்டை உதவியது. சும்மா சுழலும் கப்பியிலிருந்து, தண்டோடு பிணைந்த கப்பிக்குப் பட்டையைத் தள்ளினால் வண்டி நகரும். பழைய அரவை மில்களில் பட்டையைப் பக்கவாட்டில் தள்ளி எந்திரத்தை ஓட்டியதும் நிறுத்தியதும் இதே முறையில்தான். பிற்காலக் கார்களில் அந்த வேலையை ஒரு வட்டத் தட்டு ஏற்றுக்கொண்டது.

உள்ளங்கையில் ஒரு கிளட்ச்

இரண்டு உள்ளங்கைகளையும் ஒன்றோடொன்று சேர்த்து வையுங்கள். இலேசாகத் தொட்டபடி வலக்கையை மட்டும் திருகுங்கள். அது வழுக்கிக்கொண்டு திரும்பும், இடக்கை அசையாது. இனி இரு கைகளையும் நன்றாக அழுத்தித் திருகுங்கள். இடக்கையும் சேர்ந்து திரும்புகிறது அல்லவா? இப்போது கைகளில் தேங்காய் எண்ணெயைத் தடவிக்கொண்டு அதே அளவு அழுத்தித் திருகிப் பாருங்கள். மீண்டும் வழுக்கும்.

காரின் கிளட்சில் நடப்பது இவ்வளவுதான். வலக்கையின் இடத்தில் இயந்திரத்தோடு சுழலும் ஃபிளைவீல் என்ற கனமான இரும்புச் சக்கரம் இருக்கிறது. இடக்கையின் இடத்தில் கியர் பெட்டியின் தண்டில் மாட்டிய வட்டத் தட்டு இருக்கிறது. இதைப் பட்டறையில் 'கிளட்ச் பிளேட்' என்பார்கள். நாம் உராய்வுத் தட்டு எனலாம். இதன் இரு பக்கங்களிலும் உராய்வு தரும் லைனிங் பொருளை ஆணியடித்துப் பதித்திருப்பார்கள். தட்டின் மறுபக்கத்தில் 'பிரஷர் பிளேட்' என்னும் அழுத்தத் தட்டு. கிண்ணம் போல் குவிந்த ஒரு வட்ட வில் இதைத் தள்ளிக்கொண்டே இருக்கும். ஆக, உராய்வுத் தட்டு ஃபிளைவீலுக்கும் அழுத்தத் தட்டுக்கும் நடுவில் இறுகப் பிடிபட்டு, அவற்றோடு சேர்ந்து சுழல்கிறது.

பெடலை அழுத்தும்போது 'ரிலீஸ் பேரிங்' என்ற வளையம் நகர்ந்து வந்து, வட்ட வில்லின் நடுப்பகுதியிலுள்ள விரல்கள் போன்ற நாக்குகளைத் தள்ளுகிறது. உடனே பிடி தளர்கிறது. இயந்திரம் தனியே, கியர் பெட்டி தனியே!

நான்கு எண்கள்

ஒரு கிளட்ச் எவ்வளவு திருப்பு விசையைத் தாங்கும்? இதை நிர்ணயிப்பவை நான்கே நான்கு எண்கள்: உராய்வுக் குணகம், அழுத்தும் விசை, உராய்வுப் பரப்பின் சராசரி ஆரம், உராயும் பக்கங்களின் எண்ணிக்கை. நான்கையும் பெருக்கினால் விடை கிடைக்கும்.

ஒரு சிறிய பெட்ரோல் காரை எடுத்துக்கொள்வோம். உராய்வுத் தட்டின் வெளிவிட்டம் 190 மில்லிமீட்டர், லைனிங்கின் உள்விட்டம் 130 மில்லிமீட்டர் எனில், சராசரி ஆரம் 80 மில்லிமீட்டர், அதாவது 0.08 மீட்டர். வில்லின் விசை 3500 நியூட்டன் என்றும், உராய்வுக் குணகம் 0.3 என்றும் கொள்வோம். உராயும் பக்கங்கள் 2.

0.3 × 3500 × 0.08 × 2 = 168 நியூட்டன்-மீட்டர்.

இந்தக் காரின் இயந்திரம் தரக்கூடிய அதிகபட்சத் திருப்பு விசை 90 நியூட்டன்-மீட்டர் என்றால், கிளட்ச் அதைத் தாராளமாகத் தாங்கும்.

இந்தச் சமன்பாட்டை இன்னொரு முறை பாருங்கள். ஏதாவது ஒன்று இதில் இல்லாதது போல் தோன்றுகிறதா? ஆம், லைனிங்கின் தடிமன் இதில் வரவே இல்லை! தட்டு புதிதாய்த் தடித்திருந்தாலும், பாதி தேய்ந்து மெலிந்திருந்தாலும், மற்ற எண்கள் மாறாதவரை பிடி ஒன்றுதான். பரப்பளவும் சமன்பாட்டில் இல்லை. உராய்வு, தொடும் பரப்பைப் பொறுத்ததன்று என்று பிரான்சு நாட்டு அறிஞர் அமோன்டன்ஸ் 1699ஆம் ஆண்டிலேயே கூறினார். அகலமான பரப்பு வெப்பத்தையும் தேய்வையும் பரவலாக்குவதற்கே உதவுகிறது.

இதிலிருந்து ஒரு முக்கியமான உண்மை புலப்படுகிறது. கிளட்ச் வழுக்குகிறது என்றால், நான்கு எண்களில் ஏதோ ஒன்று குறைந்திருக்கிறது என்று பொருள். ஆரம் மாறாது, பக்கங்களும் இரண்டேதான். மிஞ்சுபவை இரண்டு. ஒன்று உராய்வுக் குணகம், மற்றொன்று அழுத்தும் விசை.

இயந்திரத்திலிருந்து எண்ணெய் கசிந்து லைனிங்கில் பட்டு, குணகம் 0.1 ஆகிவிட்டதாகக் கொள்வோம். அப்போது கிளட்ச் தாங்குவது 56 நியூட்டன்-மீட்டர் மட்டுமே. இயந்திரம் 90 தரும்போது வழுக்காமல் என்ன செய்யும்? குணகம் 0.3 ஆகவே இருந்து, அழுத்தும் விசை பாதியாகிவிட்டால்? கிடைப்பது 84. அப்போதும் வழுக்கும். இரண்டிலுமே தட்டு தேய்ந்திருக்க வேண்டிய அவசியமில்லை என்பதைக் கவனியுங்கள்.

தட்டு ஏன் தேய்கிறது?

கிளட்ச் முழுவதும் பிடித்திருக்கும்போது தேய்வு இல்லை. முழுவதும் விலகியிருக்கும்போதும் இல்லை. இரண்டுக்கும் இடைப்பட்ட வழுக்கும் நேரத்தில்தான் தேய்கிறது, சூடாகிறது.

1000 கிலோகிராம் நிறையுள்ள கார், முதல் கியரில் வினாடிக்கு 3 மீட்டர் வேகத்தை அடைகிறது. அதன் இயக்க ஆற்றல் ½ × 1000 × 3 × 3 = 4500 ஜூல். இயந்திரத்தின் வேகத்தை மாற்றாமல் வைத்துப் புறப்பட்டால், ஏறத்தாழ இதே அளவு ஆற்றல் கிளட்சில் வெப்பமாகிவிடும். ஏனெனில், தொடக்கத்தில் வழுக்கல் முழுமையாக இருக்கிறது, முடிவில் இல்லை. சராசரியாகப் பாதி ஆற்றல் காருக்கும் பாதி வெப்பத்துக்கும் போய்விடுகிறது. இரண்டாம் கியரில் புறப்பட்டாலோ இந்த வெப்பம் மூன்று மடங்குக்கும் மேல் ஆகலாம்.

அடுத்தது மேட்டுச் சாலை. சமிக்ஞை விளக்குக்காக நிற்கும்போது சிலர் பிரேக்கைப் பிடிப்பதில்லை. கிளட்சைப் பாதி விட்டு, ஆக்சிலரேட்டரை அழுத்தி, காரைப் பின்னால் உருளாமல் நிறுத்திவைப்பார்கள். பத்துக்கு ஒன்று என்ற சரிவில் நமது சிறிய காரை இப்படிப் பிடித்துவைக்க, கிளட்ச் சுமார் 20 நியூட்டன்-மீட்டர் திருப்பு விசையைத் தர வேண்டியிருக்கும். இயந்திரம் நிமிடத்திற்கு 1500 சுற்று, அதாவது வினாடிக்கு 157 ரேடியன் சுழல்கிறது. 20 × 157 = 3140 வாட்! ஆயிரம் வாட் இஸ்திரிப் பெட்டிகள் மூன்றைக் கிளட்சுக்குள் வைத்தது போல. பத்து வினாடியில் 31,400 ஜூல். கார் ஓர் அங்குலமும் நகரவில்லை. ஆனால் ஏழு முறை புறப்பட்ட வெப்பம் ஏறிவிட்டது.

இந்தச் சூட்டில் லைனிங்கிலுள்ள ரெசின் கருகும். அப்போது எழும் காரமான கருகல் நாற்றத்தை ஒரு முறை முகர்ந்தவர்கள் மறக்கமாட்டார்கள். ஒருவருக்கு ஒரு லட்சம் கிலோமீட்டர் தாண்டியும் உழைக்கும் கிளட்ச், இன்னொருவரிடம் அதில் பாதி தூரம்கூட வராமல் போவதற்கு ஓட்டும் பழக்கமே முதற் காரணம். ஓடும்போது இடது காலைப் பெடலின் மீதே வைத்திருப்பதும் இத்தகைய கெட்ட பழக்கம்தான்.

தேய்ந்தால் இடைவெளி குறையும்!

தேய்ந்தால் பாகங்களுக்கிடையே இடைவெளி கூடும் என்றுதான் நாம் நினைப்போம். கேபிளால் இயங்கும் கிளட்சிலோ நடப்பது நேர்மாறு. பெடலைக் கையால் மெல்ல அழுத்தினால், முதலில் சிறிது தூரம் எதிர்ப்பின்றி இறங்கும். இந்தத் தளர்வை மெக்கானிக்குகள் 'பிளே' என்பார்கள். பல சிறிய கார்களில் இது இரண்டு சென்டிமீட்டர் அளவில் இருக்கும். லைனிங் தேயத் தேய இந்தத் தளர்வு குறைந்துகொண்டே வரும்.

காரணம் என்ன? வட்ட வில்லை ஒரு சீசாப் பலகையாக எண்ணிக்கொள்ளுங்கள். லைனிங் மெலியும்போது அழுத்தத் தட்டு ஃபிளைவீலை நோக்கி நகர்கிறது. வில்லின் வெளிவிளிம்பும் அதனோடு நகர்கிறது. சீசாவின் ஒரு முனை ஒரு பக்கம் போனால் மறுமுனை எதிர்ப்பக்கம் வர வேண்டுமல்லவா? அவ்வாறே நடுவிலுள்ள நாக்குகள் ரிலீஸ் பேரிங்கை நோக்கி வருகின்றன. கடைசியில் பேரிங்கை முட்டிவிடுகின்றன. அப்போது பெடலில் யாரும் கால் வைக்காமலேயே, யாரோ இலேசாக மிதித்துக்கொண்டிருப்பது போன்ற நிலை உண்டாகிறது. அழுத்தும் விசை குறைகிறது; கிளட்ச் வழுக்குகிறது.

இந்த நிலையில் தட்டில் இன்னும் லைனிங் மீதமிருக்கலாம். கேபிளைத் தளர்த்திச் சரிசெய்தால் கிளட்ச் மீண்டும் பிடித்துக்கொள்ளும். ஆனால், உடனே செய்ய வேண்டும். நாள் கடத்தினால், வழுக்கலே சூட்டை உண்டாக்கி, நல்ல தட்டையும் கருக்கிவிடும். எண்ணெய் அழுத்தத்தால் இயங்கும் கிளட்சுகளும், தானே சரிசெய்துகொள்ளும் கேபிள்களும் உள்ள கார்களில் இந்த அடையாளம் பெடலில் தெரியாது. அங்கே மற்ற அறிகுறிகளைத்தான் நம்ப வேண்டும்.

அறிகுறிகளைப் பிரித்தறிதல்

கிளட்சின் கோளாறுகள் ஒன்றுக்கொன்று நேர் எதிரான இரண்டு வகை. பிடிக்க வேண்டிய நேரத்தில் பிடிக்காதது ஒன்று. விட வேண்டிய நேரத்தில் விடாதது மற்றொன்று.

பிடிக்காத கிளட்ச்: சமதளச் சாலையில் மூன்றாவது அல்லது நான்காவது கியரில் போகும்போது ஆக்சிலரேட்டரை நன்றாக அழுத்தினால், இயந்திரம் இரைந்துகொண்டு வேகமாகச் சுழலும், காரின் வேகமோ ஏறாது. பக்கத்து இருக்கையிலிருந்தே இதை நீங்கள் கவனிக்கலாம். இயந்திரத்தின் சுற்றுகளைக் காட்டும் முள் எகிறும். கிலோமீட்டர் முள் அப்படியே நிற்கும். உயர் கியரில் சக்கரத்தின் எதிர்ப்பு கிளட்சின் மீது அதிகமாக விழுவதால், கோளாறு அங்கேதான் முதலில் வெளிப்படும்.

விடாத கிளட்ச்: பெடலை முழுவதும் அழுத்தியும் தட்டு விலகுவதில்லை. ரிவர்ஸ் கியர் போடும்போது 'கர்ர்' என்று பற்கள் அரைபடும். பெடலை அழுத்தியிருக்கும்போதே கார் மெல்ல ஊரும். கேபிள் நீண்டு தளர்ந்திருக்கலாம், குழாயில் காற்று புகுந்திருக்கலாம், தட்டு நெளிந்திருக்கலாம், தண்டில் துரு ஏறித் தட்டு நகராமல் சிக்கியிருக்கலாம். ஆகவே, எடுத்த எடுப்பிலேயே தட்டை மாற்றுவது பணத்தை வீணாக்குவதாகும்.

ஒரே கேபிள்தான். இறுக்கம் கூடினால் கிளட்ச் பிடிக்காது. தளர்வு கூடினால் விடாது.

காரைக் கிளப்பும்போது உதறினால், லைனிங்கில் எண்ணெய் பட்டிருக்கலாம், அல்லது ஃபிளைவீலின் முகம் சூட்டால் கெட்டிருக்கலாம். இயந்திரத்தைத் தாங்கும் ரப்பர் தாங்கிகள் கிழிந்தாலும் இதே உதறல் வரும். ஒலியும் உதவும். பெடலை அழுத்தியதும் இரைச்சல் எழுந்தால் ரிலீஸ் பேரிங்கைச் சந்தேகிக்கலாம். நியூட்ரலில் பெடலை விட்டிருக்கும்போது இரைந்து, அழுத்தியதும் நின்றுபோனால் கியர் பெட்டித் தண்டின் பேரிங்கைச் சந்தேகிக்க வேண்டும்.

நல்ல மெக்கானிக் எளியதிலிருந்து கடினமானதற்குப் போவார். முதலில் பெடலின் தளர்வைப் பார்ப்பார். அடுத்து, கிளட்ச் கூட்டின் அடியில் எண்ணெய்க் கசிவு உண்டா என்று பார்ப்பார். அதன் பிறகே கியர் பெட்டியில் கை வைப்பார்.

கழற்றிய பின் தீர்ப்புச் சொல்வது லைனிங்கில் புதைந்திருக்கும் ஆணித் தலைகள். லைனிங்கின் மேற்பரப்பிலிருந்து ஆணித் தலை எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது என்று அளப்பார்கள். புதிய தட்டில் இது ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர். பல கார்களின் கையேடுகள் 0.3 அல்லது 0.5 மில்லிமீட்டருக்குக் குறைந்தால் தட்டை மாற்றச் சொல்கின்றன. அதற்கு மேலும் ஓட்டினால் ஆணித் தலைகள் ஃபிளைவீலின் முகத்தைக் கீறிவிடும். கிளட்சின் ஆயுள் முழுவதும் அந்த ஒரு மில்லிமீட்டருக்குள்தான் அடங்கியிருக்கிறது!

புதியதைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

மீண்டும் நமது நான்கு எண்களுக்கே வருவோம். தட்டின் விட்டம் ஆரத்தையும், லைனிங்கின் வகை குணகத்தையும், அழுத்தத் தட்டு விசையையும் நிர்ணயிக்கின்றன. கூடவே, தட்டின் நடுத்துளையிலுள்ள பற்களின் எண்ணிக்கையும் கியர் பெட்டித் தண்டின் பற்களோடு பொருந்த வேண்டும். ஒரே பெயருள்ள காரில் பெட்ரோல் வண்டிக்கு ஒரு கிளட்சும் டீசல் வண்டிக்கு வேறு கிளட்சும் இருக்கக்கூடும். ஆகையால் காரின் பெயரை மட்டும் சொல்லி வாங்காமல், சேஸிஸ் எண்ணைக் கொண்டு பாக எண்ணை உறுதி செய்து, பழைய தட்டோடு வைத்துப் பார்த்து வாங்குவதே முறை.

"கொஞ்சம் பெரிதாய், பலமாய்ப் போட்டுவிட்டால் தேயாதே?" என்று நீங்கள் கேட்கலாம். வில்லின் விசையைக் கூட்டினால் பெடல் கனக்கும். ஊர்ந்து செல்லும் நெரிசலில் கால் வலிக்கும். குணகம் மிகுந்த உலோக லைனிங்குகள் பந்தயக் கார்களுக்கும் டிராக்டர்களுக்கும் ஏற்றவை. வீட்டுக் காரில் போட்டால் அவை வெடுக்கென்று பிடித்துக் காரை உலுக்கும். சிறிது வழுக்கி அதிர்ச்சியை வாங்கிக்கொள்வதும் கிளட்சின் கடமைதானே! அது வழுக்க மறுத்தால் அந்த அதிர்ச்சி கியர்ப் பற்களின் மீது விழும்.

கியர் பெட்டியை இறக்குவதே பெரிய வேலையாதலால், உராய்வுத் தட்டு, அழுத்தத் தட்டு, ரிலீஸ் பேரிங் மூன்றையும் சேர்த்தே மாற்றுவது வழக்கம். ஒன்றை மட்டும் மாற்றி, ஆறு மாதத்தில் மற்றொன்று கெட்டால் கூலி இரட்டிப்பாகும். எண்ணெய்க் கசிவால் தட்டு கெட்டிருந்தால், கிராங்க் தண்டின் பின்முனையிலுள்ள ஆயில் சீலையும் மாற்ற வேண்டும். இல்லையேல் புதிய தட்டுக்கும் அதே கதி நேரும். மாட்டும்போது தட்டின் எந்தப் பக்கம் ஃபிளைவீலை நோக்க வேண்டும் என்பதையும் கவனிக்க வேண்டும். திருப்பி மாட்டினால் கிளட்ச் விலகாமல் போகலாம்.

தூசியில் இருக்கும் ஆபத்து

வெப்பத்தைத் தாங்கும் என்பதால், நெடுங்காலம் லைனிங்குகளில் கல்நார் சேர்க்கப்பட்டது. அதன் நுண்ணிய இழைகள் மூச்சோடு நுரையீரலுக்குள் போனால், பல ஆண்டுகள் கழித்துப் புற்றுநோயை உண்டாக்கக்கூடும். ஐரோப்பிய ஒன்றிய நாடுகள் 2005ஆம் ஆண்டு முதல் கல்நார் லைனிங்குகளைத் தடை செய்துள்ளன. வாங்கும்போது கல்நார் இல்லாததா என்று கேட்டு வாங்குங்கள். கிளட்சைத் திறந்தவுடன் உள்ளே படிந்த தூசியைக் காற்றடித்து ஊதும் பழக்கம் மிகத் தீங்கானது. ஈரத் துணியால் துடைத்தெடுப்பதே நல்லது. பட்டறையில் வேலை பழகும் நண்பர் யாரேனும் உங்களுக்கு இருந்தால், மற்ற எதையும் சொல்லாவிட்டாலும் இதை மட்டும் கட்டாயம் சொல்லுங்கள்.

மின்சாரக் கார்களில் பெரும்பாலும் கிளட்ச் இல்லை. அதன் காரணம் இப்போது உங்களுக்கே தெரியும். கிளட்ச் பெடல் இல்லாத பெட்ரோல் கார்கள் சிலவற்றில், ஓட்டுநரின் இடது காலுக்குப் பதிலாக ஒரு சிறு கருவி இதே உராய்வுத் தட்டை இயக்குகிறது. பெடல் மறைந்தாலும் நான்கு எண்கள் மறையவில்லை.

கணக்கிட்டுப் பாருங்கள்

ஒரு காரின் இயந்திரம் அதிகபட்சமாக 110 நியூட்டன்-மீட்டர் திருப்பு விசை தருகிறது. அதன் கிளட்சின் சராசரி ஆரம் 0.085 மீட்டர், அழுத்தும் விசை 4000 நியூட்டன், உராய்வுக் குணகம் 0.3, உராயும் பக்கங்கள் 2.

1. கிளட்ச் எவ்வளவு திருப்பு விசையைத் தாங்கும்?
2. எண்ணெய் பட்டுக் குணகம் 0.1 ஆனால் வழுக்குமா?
3. குணகம் 0.3 ஆகவே இருக்கும்போது, அழுத்தும் விசை எவ்வளவுக்குக் கீழே குறைந்தால் வழுக்கத் தொடங்கும்?

விடைகள்: 1. 204 நியூட்டன்-மீட்டர். 2. 68 நியூட்டன்-மீட்டரே தாங்கும், எனவே வழுக்கும். 3. ஏறத்தாழ 2157 நியூட்டன்.